இருபத்துநான்கு விளக்குப் பட்டயம்

என் அன்பு மதினிக்கு,

நலமா என்று கேட்டே கடிதம் தொடங்கிப் பழகிவிட்டது. இந்த முறை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நல்ல செய்தி ஏதாவது சொல்லித் தொடங்கலாமென்றால் அதுவும் கைவசம் இல்லை. வெட்கக்கேடான ஒரு செய்திதான் இருக்கிறது. அதுவும் முழுக்க என்னுடையது.

செம்பூரில் நம் சபையில் இந்த வருடமும் கிறிஸ்மஸ் மலர் போடுகிறார்கள். மலர் வேலையைப் பார்க்கும் சாமுவேல் அண்ணாச்சி போன மாதம் ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஸ்டெல்லா, அந்தப் பட்டயம் செஞ்சியே, அத எப்படிச் செஞ்சன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடும்மா. எல்இடி எப்படிப் பாத்து வாங்கணும், ஒயர் எப்படி இழுக்கணும், எல்லாம் வெவரமா. நம்ம பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் சரி அண்ணாச்சி என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்தச் சரி.

அந்த இரண்டு பக்கத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். மலரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பத்தாம் வரிசையில், ஃபேனுக்குக் கீழே, சாம்பல் நிறச் சேலையில் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். பெயர் தெரியாது, இல்லையா? தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

மதினி, தாராவியில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கிறது அந்தச் சீரியல் லைட் பட்டறை. கணபதிக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் மும்பை முழுக்கத் தொங்குகிற பொடி விளக்குச் சரங்களில் பாதி உங்கள் சந்துகளிலிருந்துதான் போகிறது என்று அண்ணன் பெருமையாகச் சொல்வான். பதினாறு வருடம் நீங்கள் அங்கே ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கிற சால்டர் பிடித்தீர்கள். சபையில் யாராவது "உங்க மதினி என்ன பண்றாங்க?" என்று கேட்டால் நான் சொல்வது ஒரே பதில்: "வீட்லதான் இருக்காங்க."

நான் பிறந்து வளர்ந்ததும் அதே தாராவி வீட்டில்தான். ஆனால் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, செம்பூர் காலனிக்கு வந்தபிறகு தாராவி என்ற சொல்லே என் வாயிலிருந்து வந்ததில்லை. "உங்க அண்ணன் எங்க இருக்கார்?" "சயன் பக்கம்." உங்கள் விரல் நுனிகளில் பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்பு இருக்கும். ஒருமுறை நம் சபை டீச்சர் அம்மா அதைக் கவனித்துவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார். "சமைக்கும்போது எண்ணெய் தெறிச்சிருச்சு" என்றேன். பத்து விரலிலும் ஒழுங்காகத் தெறிக்கிற எண்ணெய் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு நாடகத்துக்குப் பட்டயம் வேண்டும் என்றார்கள். ஏதேன் தோட்டத்தைவிட்டு ஆதாமும் ஏவாளும் வெளியே போனபிறகு வாசலில் தேவதூதன் பிடித்து நிற்கிற நெருப்பு வாள். வாள் என்று நாம் எங்கே சொல்கிறோம், சபையில் அது பட்டயம்தான். நாடகக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நான் கடைக்குப் போய் ஒரு பொம்மைக் கத்தி வாங்கிவந்தேன். பொத்தானை அழுத்தினால் பச்சையும் நீலமுமாக மின்னும், கூடவே பாட்டும் பாடும். அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். பாட்டை மட்டும் நிறுத்தித் தருவீர்கள் என்று நினைப்பு.

நீங்கள் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "ஏட்டி, தேவதூதன் கையில பாட்டுப் படிக்கிற கத்தியா? ஆதாம் அழுவானா ஆடுவானா?"

அன்றைக்கு மத்தியானம் நீங்கள் செய்ததைத்தான் அண்ணாச்சி என்னை எழுதச் சொல்கிறார். நான் என்ன பார்த்தேன்? கட்டிலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனைப் பார்த்தேன். அவ்வப்போது நிமிர்ந்து உங்களையும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் நினைவிருக்கிறவற்றை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

முதலில் கூட்டுக்கு வழி செய்தீர்கள். எரிந்துபோன எல்இடி ட்யூப்லைட் ஒன்றின் பால் நிறப் பிளாஸ்டிக் உறையை, பழைய சாமான் பிரிக்கிற இடத்திலிருந்து வாங்கிவந்து, கழுவித் துடைத்து, என் கை நீளத்துக்கு அறுத்தீர்கள். "கண்ணாடி மாதிரித் தெளிவா இருந்தா உள்ள இருக்க பல்பு புள்ளி புள்ளியாத் தெரியும். இதுல போட்டா வெளிச்சம் கலந்து ஒண்ணாத் தெரியும், பாத்துக்கிட்டியா?" என்றீர்கள். நான் ம்ம் என்றேன்.

பிறகு விளக்குகள். சிவப்பு எட்டு, மஞ்சள் எட்டு, வெள்ளை எட்டு. பட்டறையில் கழித்துப் போட்டதை எடுத்துவரவில்லை, புதிதாகக் கேட்டு வாங்கிவந்தீர்கள். ஒவ்வொன்றையும் ஒரு பட்டன் செல்லின் இரண்டு பக்கமும் கால் படும்படி சொருகி எரியவிட்டுப் பார்த்தீர்கள், நீளக் கால் பிளஸ் பக்கம். வெள்ளையில் மட்டும் முப்பது பார்த்து எட்டைப் பொறுக்கினீர்கள். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. "இல்லட்டி, இதுல நீலம் அடிக்கி. இது ஆஸ்பத்திரி வெள்ளை. நெருப்புக்கு இது ஆவாது" என்று ஒதுக்கினீர்கள். பொறுக்கிய எட்டின் தலையையும் எமரித் தாளில் தேய்த்து மங்கலாக்கினீர்கள். தேய்க்காவிட்டால் வெளிச்சம் நேராக மட்டும் பாயுமாம், தேய்த்தால் பக்கவாட்டிலும் பரவுமாம்.

அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், நுனியில் வெள்ளை. அடிஸ்கேல் போன்ற ஒரு மெல்லிய மரப்பட்டையின் இரண்டு ஓரத்திலும் செம்புக் கம்பி இழுத்து, நடுவே ஒவ்வொன்றாகப் பற்ற வைத்தீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில் வளையம் வளையமாக நிறம் போட்ட பொடி ரெசிஸ்டர் ஒன்று, மின்சாரத்தை மட்டுப்படுத்த. பைப் துண்டில் கைப்பிடி, அதற்குள் மூன்று பென்சில் செல், கட்டைவிரல் படுகிற இடத்தில் சுவிட்ச். எல்லாம் முடிந்து நீங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அழுத்தினீர்கள். மதினி, அந்தச் சின்ன அறையில் நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் நான் என் பங்குக்குக் கைப்பிடியில் தங்க நிற ரிப்பன் சுற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நாடகத்தன்று நீங்கள் என்னிடம் வந்து, "நான் பின்னால நிக்கட்டா? செல்லுக்கு இருக்க ஸ்பிரிங்கு கொஞ்சம் லேசா இருக்கு" என்றீர்கள். "வேண்டாம் மதினி, மேடைக்குப் பின்னால கூட்டம் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். யாரும் சொல்லவில்லை. நீங்கள் பத்தாம் வரிசைக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டீர்கள்.

திரை விலகி, மேடை விளக்குகள் அணைந்து, தேவதூதனாக நின்ற பெண் சுவிட்சை அழுத்தியதும் சபை முழுக்க ஒரு 'ஆ' எழுந்தது. நினைவிருக்கிறதா? பட்டயத்தை இடமும் வலமுமாக அவள் வீசினாள். மூன்றாம் வீச்சில் பொசுக்கென்று அணைந்துவிட்டது. ஆதாமும் ஏவாளும் மேடையைச் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மெல்லப் பின்வாங்கித் திரைக்குப் பின்னால் வந்து என் கையில் பட்டயத்தைத் திணித்தாள். நான் என்ன செய்தேன்? டிவி ரிமோட்டைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினேன்.

நீங்கள் எப்போது எழுந்தீர்கள், சமையல்கட்டு வாசல் வழியாக எப்படி வந்தீர்கள் என்று தெரியாது. வந்தீர்கள். பையிலிருந்த சப்பாத்திப் பொட்டலத்தின் அலுமினியத் தாளில் ஒரு மூலையைக் கிழித்து, மடித்து, ஸ்பிரிங்குக்கும் செல்லுக்கும் நடுவே சொருகினீர்கள். எரிந்தது. ஆதாம் அழுது முடிப்பதற்குள் தேவதூதன் வாசலுக்குப் போய்விட்டான்.

அப்போதுதான் அன்றைய சிறப்பு விருந்தினரின் மனைவி திரைக்குப் பின்னால் வந்தார். "எவ்வளவு அழகா இருக்கு! எங்கங்க வாங்கினீங்க?" என்றார். "வாங்கலீங்க, நானே செஞ்சேன். நெட்ல பாத்து" என்றேன். நீங்கள் இரண்டடி தள்ளி நின்றீர்கள், கையில் இன்னும் கிழித்த அலுமினியத் தாள். "இவங்க?" என்றார் அந்த அம்மா. "எங்க மதினி. பிடிச்சுக்க வந்தாங்க." நீங்கள் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். சப்பாத்தியைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

நாடகம் முடிந்ததும் நம் வழக்கப்படி நன்றிச் சீட்டுகளை வாசித்தார்கள். ஜோடனை இன்னார், உடை இன்னார், ஒலிபெருக்கி இன்னார். பெயர் வாசித்ததும் அவரவர் எழுந்து நிற்க, சபை கைதட்டும். "பட்டயம், ஸ்டெல்லா" என்று வந்தது. எழுந்து நின்றேன். நீங்களும் கைதட்டினீர்கள், உங்கள் மகள் பிளெஸ்ஸி கைதட்டவில்லை. இரண்டையும் பார்த்தேன்.

இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்தச் சீட்டுகளை எழுதுகிறவள் நான். அந்த அம்மா கேட்டபோது ஏதோ பதற்றத்தில் வாய்தவறி வந்துவிட்டது என்றுதான் இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் மதினி. அன்று காலையிலேயே சீட்டு எழுதிவிட்டேன். காபி குடித்துக்கொண்டே, நல்ல பேனா தேடி எடுத்து, நிதானமாக, அழகான கையெழுத்தில் என் பெயரை எழுதினேன். உங்கள் பெயரை எழுதினால், அவர் யார், இதெல்லாம் எங்கே கற்றார் என்று கேட்பார்கள். பட்டறையைச் சொல்லவேண்டி வரும். தாராவியைச் சொல்லவேண்டி வரும். அதற்குப் பயந்துதான்.

பஸ் ஸ்டாப்பில் நீங்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்லா வெளிச்சம் வந்துச்சுல்லா?" என்று மட்டும் கேட்டீர்கள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை பத்தரைக்குப் போன் செய்தீர்கள். "ஏட்டி ஸ்டெல்லா, ஆபீஸ் போய்ட்டியா? ஒரு நிமிசம் கேளு. யாராவது ஒங்கிட்ட எப்படிச் செஞ்சன்னு கேப்பாங்க, நீ முழிக்கக் கூடாதுல்லா. இந்த வெள்ளைக்கும் செவப்புக்கும்..."

"மதினி, மீட்டிங்ல இருக்கேன். அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

மீட்டிங் எதுவும் இல்லை. லிஃப்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். என் பொய்யில் நான் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நீங்கள் பாடம் சொல்லித்தர வந்திருக்கிறீர்கள், அதைக் கேட்கிற தெம்புகூட எனக்கு இல்லை. நீங்கள் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்புறம் பேசவே இல்லை. நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அண்ணன் மூலமாக, "பட்டயத்துல செல்லக் கழத்தி வச்சுட்டாளான்னு கேளுங்க" என்று சொல்லியனுப்பினீர்கள். கழற்றியாச்சு என்றேன். கழற்றவில்லை.

போன ஜூலை மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். அடக்க ஆராதனைக்கு வந்த நம் சபைக்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார், "அம்மா வேலைக்குப் போய்ட்டிருந்தாங்களா?" உங்கள் பெட்டி இரண்டடி தூரத்தில் இருக்கிறது. பட்டறையிலிருந்து உங்களோடு வேலை பார்த்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் நின்று அழுகிறார்கள். நான் சொன்னேன், "இல்ல. வீட்லதான்."

இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் எழுதாமல் விடமாட்டேன்.

இந்த வருடம் அதே நாடகம், அதே பட்டயம் என்று முடிவு செய்தார்கள். சபை அலமாரியிலிருந்து எடுத்தேன். கைப்பிடியைத் திறந்தால் செல்கள் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், ஸ்பிரிங் முழுக்க அரித்திருந்தது. நீங்கள் சொருகிய அலுமினியத் தாள் பொடியாக உதிர்ந்தது. உள்ளே எப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று பார்க்கலாமென்று மரப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். பட்டை பிளந்து, கம்பி அறுந்து, ரெசிஸ்டர்கள் மூலைக்கொன்றாகத் தெறித்தன. உங்கள் கைவேலை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் நானே குட்டிச்சுவர் ஆக்கினேன்.

புதிதாகச் செய்துவிடலாம், என்ன பெரிய விஷயம் என்று எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற லாமிங்டன் ரோடுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் "கௌன்ஸா சாஹியே மேடம்? க்ளியர் யா மில்க்கி?" என்று கேட்டார். எது வேண்டும், தெளிவானதா பால் நிறமா என்கிறார், எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் இரண்டு பாக்கெட் வாங்கிவந்தேன். நீளக் காலெல்லாம் ஒரு கம்பியில், குட்டைக் காலெல்லாம் ஒரு கம்பியில், தொடக்கத்தில் ஒரே ஒரு ரெசிஸ்டர். அழுத்தினேன். சிவப்பு ஜோராக எரிந்தது. மஞ்சள் லேசாக மினுங்கியது. வெள்ளை எட்டும் செத்துக் கிடந்தது.

வெள்ளை மட்டமான சரக்கு என்று திரும்பப் போய் மாற்றிவந்தேன். அதுவும் எரியவில்லை. மறுபடி போனேன், இந்த முறை கோபமாக. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் நான் கொண்டுபோன வெள்ளை ஒன்றை எடுத்து ஒரு பட்டன் செல்லில் சொருகி என் முகத்துக்கு நேரே நீட்டினார். பளிச்சென்று எரிந்தது. "பீஸ் டீக் ஹை மேடம். கனெக்ஷன் கலத் ஹை" என்றார். சரக்கில் குற்றமில்லை, நான் இணைத்த விதம்தான் தப்பு. நாலு பேர் பார்க்க அந்த வெள்ளை என் மூக்குக்கு முன்னால் எரிந்துகொண்டே இருந்தது.

அப்புறம்தான் உங்கள் வீட்டுக்குப் போனேன். அடக்கம் முடிந்தபிறகு நான் போனது அதுதான் முதல்முறை. அண்ணன் டியூட்டிக்குப் போயிருந்தான். கிளினிக்கில் வேலை பார்க்கிற பிளெஸ்ஸிக்கு அன்று லீவு. "அம்மாவோட சால்டர் இருக்காடா? ரெண்டு நாளைக்கு வேணும்" என்று சாதாரணமாகக் கேட்டேன். பேச்சோடு பேச்சாக என் மரப்பட்டையையும் வெளியே எடுத்தேன்.

அவள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். சிவப்பு மட்டும் எரிந்தது.

"அத்தை, ரெட்டையும் ஒயிட்டையும் ஒரே ரெசிஸ்டர்ல தொங்கவிட்டா ஒயிட் எரியாது. ரெட்டுக்கு ரெண்டு வோல்ட் போதும், ஒயிட்டுக்கு மூணு வேணும். ரெட் எல்லாத்தையும் கீழ இழுத்துரும். ஒவ்வொண்ணுக்கும் அலக் அலக், தனித்தனியா ரெசிஸ்டர் போடணும்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அம்மா இதச் சொல்லத்தானே ஒங்களுக்குப் போன் பண்ணாங்க?"

அவள் கையிலிருந்த பட்டையின் சுவிட்சை நான் அணைத்தேன்.

"நான் பக்கத்துலதான் இருந்தேன் அத்தை. நைட் ஃபுல்லா யோசிச்சு வச்சிருந்தாங்க, ஒங்களுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றதுன்னு. பேப்பர்ல படம்கூட வரைஞ்சு வச்சிருந்தாங்க. நீங்க கட் பண்ணிட்டீங்க."

"அம்மா என்னடா சொன்னாங்க?"

"என்ன சொல்வாங்க? 'அத்தைக்கு வேலை இருக்கும்'னாங்க. பேப்பர மடிச்சு குப்பையில போட்டுட்டு டியூட்டிக்குப் போய்ட்டாங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை, சொல்லாதது நல்லதுதான். என் பட்டையிலிருந்து ஒரு வெள்ளையைக் கழற்றி, உங்கள் டப்பாவிலிருந்து ஒரு ரெசிஸ்டர் எடுத்துச் சேர்த்துப் பற்ற வைத்தாள். எரிந்தது. சால்டரை என் பக்கம் நீட்டி, "மிச்சம் இருபத்துமூணு இருக்கு. நீங்க பண்ணுங்க" என்றாள்.

செய்தேன் மதினி. மூன்று மணி நேரம் ஆயிற்று. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, பச்சை, பழுப்பு வளையம் போட்டது. வெள்ளைக்குப் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. அண்ணாச்சி கேட்ட விவரம் இதுதான், பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். ஆள்காட்டி விரலில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். நாலு இடத்தில் ஈயம் உருண்டை உருண்டையாக நிற்கிறது, நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். ஆனால் இருபத்துநான்கும் எரிகிறது. பதினாறு வருடம் நீங்கள் அந்தப் புகையில் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்று மணி நேரத்தில் எனக்குக் கண் எரிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது.

கிளம்பும்போது வாசலில் நின்று பிளெஸ்ஸி கேட்டாள், "இந்த வருஷம் சீட்டுல என்ன பேர் எழுதுவீங்க?"

"உன் பேர் எழுதுறேன்டா" என்றேன்.

"அரே, நான் கேட்டது அது இல்ல அத்தை" என்றாள். கதவைச் சாத்தவில்லை, ஆனால் உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்டது என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிப் பதில் சொன்னேன். சயன் ஸ்டேஷன்வரை நடந்துகொண்டே அதை நினைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் இந்தக் கடிதத்தின் முதல் பாதியை எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி படித்தார். "இதப்போய் மலர்ல போடவாம்மா? செத்தவங்க ஒண்ணும் கேக்கப் போறதில்ல. ஒனக்குத்தான் அசிங்கம்" என்றார். நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "ஆமா அண்ணாச்சி, அசிங்கந்தான். போடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மனசு லேசாகிவிட்டது. ஒரு டீ போட்டுக் குடித்தேன். பாதிக் குடிக்கும்போது உறைத்தது: பிளெஸ்ஸிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுத்துக்கூட்டி ஒரு வரி போவாள், அவ்வளவுதான். அண்ணனும் மலரையெல்லாம் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. பட்டறைப் பெண்கள் நம் சபைக்கே வருகிறவர்கள் இல்லை. யார் கேட்க வேண்டுமோ அவர்கள் ஒருவர்கூட கேட்க முடியாத இடமாகப் பார்த்து நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நாலு பேர் பாராட்டக்கூடச் செய்வார்கள், ஸ்டெல்லா எவ்வளவு மனந்திறந்து எழுதியிருக்கிறாள் என்று.

எனக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறது மதினி? தெரிந்து செய்கிறேனா, தெரியாமல் செய்கிறேனா? அன்று கைதட்டியபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள்? மறுநாள் போன் செய்தது என்னைக் காப்பாற்ற மட்டும்தானா, இல்லை, ஒருமுறையாவது நான் உங்களிடம் உட்கார்ந்து கேட்கவேண்டும் என்கிற ஆசையும் அதில் இருந்ததா? கேட்க வேண்டிய நேரத்தில் லிஃப்டுக்கு நின்றேன்.

ஆகவே ஒன்று செய்யப் போகிறேன். வாக்காகவே கொடுக்கிறேன். நாடகம் முடிந்து நன்றிச் சீட்டு வாசிக்கிற நேரத்தில், நானே மைக்கைப் பிடித்து இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை உரக்க வாசிப்பேன். பட்டறைக்கு நேற்று நானே போய்ப் பெண்களை அழைத்தேன். வாசலில் நின்று, "நான் அவங்க நாத்தனார், இங்கதான் பொறந்தேன்" என்று சொன்னேன். ஆறு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள், முன்வரிசையில் உட்காருவார்கள். பிளெஸ்ஸியிடமும் சொல்லிவிட்டேன். "பாக்கலாம்" என்றாள். வராமலும் போகலாம், அது அவள் இஷ்டம். நான் வாசிப்பேன்.

சீட்டையும் எழுதிவிட்டேன். காலையில், அதே பேனாவில். 'பட்டயம்: ஞானப்பூ, சீரியல் லைட் பட்டறை, தாராவி.' அந்தப் பெயரை வாசித்ததும் எழுந்து நிற்க ஆள் இருக்காது. அந்த நேரத்தில் நான் உட்கார்ந்துதான் இருப்பேன்.

எல்லாரும் கலைந்து போனதும் கைப்பிடியைத் திறந்து மூன்று செல்லையும் கழற்றிவிடுவேன் மதினி. இந்தமுறை கழற்றிவிட்டுத்தான் கழற்றியாச்சு என்று சொல்வேன்.

இப்படிக்கு,
ரிப்பன் மட்டும் சுற்றிய உங்கள் நாத்தனார்,
ஸ்டெல்லா